முதல் ஓனர்

கணியூர் டோலில் கம்பி மேலே எழும்பியதும் நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. இந்நேரம் சென்னையில் ஒரு வீட்டில், சமையல் மேடை மேலோ சோபாவிலோ கிடக்கிற ஒரு போன் ஒரு தரம் அதிர்ந்திருக்கும். அந்தம்மாள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்திருப்பாள். உங்கள் வாகனம் கணியூர் சுங்கச்சாவடியைக் கடந்தது, நேரம் பத்து பதினேழு. உங்கள் வாகனமாம். வாகனம் என்னுடையது. ஆர்.சி. கார்டு ஈ. வசந்தாமணி என்று என் பேர் போட்டு போன வாரம் தபாலில் வந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். ஆனால் முன் கண்ணாடியில், நடு மிரருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற டோல் டேக் மட்டும் இன்னும் பழைய ஓனரின் பேரில், பழைய ஓனரின் போன் நம்பரில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் எந்த டோலைத் தாண்டினாலும் தகவல் நானூற்றைம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மிருணாளினி மேடத்துக்குத்தான் போகும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற உனக்கு எதற்குத் தகவல் என்று யாராவது கேட்கலாம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்வது மாதத்தில் ஒரு நாள். மற்ற இருபத்தொன்பது நாளும்? பொறாமையா என்றால் பொறாமைதான், அதை ஒளித்துவைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. அவர் பாட்டுக்கு ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினார். நான் நாற்பது வரைக்கும் எண்ணினேன். போன் அடிக்கவில்லை. ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்த பிறகு அடிக்கும். எங்கிருந்து எங்கே போக எத்தனை நிமிஷம் என்று அந்தம்மாளுக்கு அவ்வளவு கணக்காகத் தெரியும்.

ஹோப் காலேஜ் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது ஒர்க்‌ஷாப். தகரக் கூரை, வாசலில் வேப்பமரம், உள்ளே ஒரே ஒரு லிஃப்ட். லிஃப்டில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக் கார் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. மெக்கானிக் பிலவேந்திரன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். "வாங்ண்ணா. மறுபடியும் உக்காந்துருச்சா?" என்றான். உட்கார்ந்துதான் விட்டது. ராத்திரி நிறுத்தும்போது நேராக நிற்கிற கார் காலையில் பார்த்தால் பின்னால் இடதுபக்கம் தாழ்ந்து, வாத நோய்க்காரரைப் போல ஒருக்களித்துக் கிடக்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் புஸ் புஸ் என்று மூச்சு வாங்கி மெதுவாக எழுந்து நிற்கும். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை இருக்கிற வண்டியாம், பையில் எங்கோ ஓட்டையாம். என் வீட்டுக்காரர் இறங்கினார். "இஞ்சின அமுத்தீராத மணி. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். டர்போ சூடு ஆறோணும்" என்றார். அது அவர் வாக்கு இல்லை, மேடத்தின் வாக்கு. ஓட்டி வந்த வண்டியை உடனே அணைக்கக் கூடாது, மனுஷன் ஓடிவந்து நின்று மூச்சு வாங்குகிற மாதிரி அதற்கும் இரண்டு நிமிஷம் கொடுக்க வேண்டும் என்று மேடம் சொன்னாராம். இருபத்தாறு வருஷமாக நான் வெந்நீர் குடிங்க, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க என்று சொல்கிறேன், அந்தக் காதில் ஏறினதில்லை. சென்னையிலிருந்து ஒருத்தி இஞ்சினுக்கு மூச்சு வாங்க நேரம் கொடு என்று சொன்னால் மறு பேச்சு கிடையாது. போனை நடுவில் சார்ஜ் ஏறுகிற மேடையில் வைத்துவிட்டு பிலவேந்திரனோடு வெள்ளைக் காருக்கு அடியில் போய் நின்றுகொண்டார். இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பிலவேந்திரன் டார்ச் அடித்துக் காட்டுகிறான், இவர் தலையை ஆட்டுகிறார். ஏசி குளிர்ந்தது. நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், அமுத்தவில்லை. போன் அடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காரை அவர் கண்ணால் பார்த்து வாங்கவில்லை, அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு கத்தரிக்காயை நாலு தரம் அமுக்கிப் பார்த்து வாங்குகிற ஆள். எம்ப்ராய்டரி யூனிட்டுக்கு நூல் வாங்குவதென்றால் கோன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள். அவர் நாலு மாதம் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் பழைய கார்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சாப்பிட வாங்க என்றால் இரு இரு என்பார். புதுசு வாங்கினால் நம் சக்திக்கு ஒரு சாதாரண வண்டிதான் வரும், அதே காசுக்கு ஒன்பது வருஷம் ஓடின ஜெர்மன் வண்டி வருகிறது, பெரிய மனுஷன் வண்டி, அதன் கதவைச் சாத்துகிற சத்தமே வேறு என்று எனக்கு வகுப்பு எடுத்தார். கடைசியில் இதில் வந்து நின்றார். கருநீலம். ஒரே ஓனர், பெண் ஓட்டியது, முழு சர்வீஸ் ரெக்கார்டு உண்டு என்று போட்டிருந்தது. பெண் ஓட்டியது என்பதை அவர் என்னிடம் மூன்று முறை படித்துக் காட்டினார், ஏதோ பால்கோவாவில் பாதாம் போட்டிருக்கிற மாதிரி. முப்பத்துநாலு போட்டோ. அவர் குளிக்கப் போனபோது நானும் அவற்றைப் பார்த்தேன். ஒன்பதாவது போட்டோவில் பின் கதவு. கதவு கண்ணாடி மாதிரி மின்னியது, அந்தப் பளபளப்பில் போட்டோ எடுக்கிற ஆள் தெரிந்தாள். நான் விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். காட்டன் புடவை, உயரம், கழுத்தில் ஒன்றுமில்லை, முகத்தை மறைத்துக்கொண்டு போன். அவ்வளவுதான் அவளைப் பற்றி நான் பார்த்தது, இன்றுவரைக்கும். அந்த ஒன்பதாவது போட்டோவை என் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அவருடைய போனில் அனுப்பின தடயத்தை அழித்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அப்போது அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. ஆனால் வயிறு அன்றைக்கே எரிய ஆரம்பித்துவிட்டது. வயிற்றுக்கு முன்கூட்டியே தெரியும் போலிருக்கிறது.

வண்டி லாரி முதுகில் ஏறி வந்தது. வீதியில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள், எதிர் வீட்டு டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டே வந்துவிட்டார். இறக்கிவைத்த பழைய கார் கம்பெனிப் பையன்கள் தெர்மாகோலில் செய்த ஒரு முழ நீளச் சாவியை எங்கள் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆரத்தி எடுத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பானெட்டில் மஞ்சளைக் குழைத்து மூன்று பட்டை இழுத்து நடுவில் குங்குமம் வைத்தேன், என் கையாலேயே, ஒழுகாமல் அழகாக. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெளியே வந்து பார்க்கிறேன், மனுஷன் ஒரு பஞ்சுபோன்ற துணியை வைத்துக்கொண்டு மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என்னங்க இது, வெள்ளிக்கிழமை வெச்சத வெள்ளிக்கிழமையே தொடைக்கறீங்களே என்றேன். "மேடத்துக்கு போன் பண்ணி வண்டி வந்து சேந்துருச்சுன்னேன். மஞ்ச மட்டும் வெக்காதீங்க, பெயிண்ட்ல கறை ஏறீரும்னாங்க" என்றார். முதல் நாள். வண்டி வந்து நாலு மணி நேரம். பெயிண்டில் கறை ஏறியதோ இல்லையோ, எனக்குள் ஏறிவிட்டது. அந்தப் பஞ்சுத் துணியை அவர் பிழிந்தபோது மஞ்சள் தண்ணீர் சாக்கடைக்குப் போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

டேஷ்போர்டுக்குள் ஊதா ஃபைல் ஒன்று இருக்கிறது, இதோ என் முழங்காலுக்கு நேரே. திறக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். எத்தனையோ தரம் திறந்ததுதான். ஒன்பது வருஷத்து பில்லும் தேதி வாரியாக, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை மையில் உருண்டை உருண்டையான கையெழுத்து. இடது பின்பக்கம் லேசாக இறங்குகிறது, தீபாவளிக்குள் பார்க்கவும். சன்ரூஃபின் வடிகால் துளையில் இலை அடைக்கும், மழைக்கு முன் சுத்தம் செய்யவும். பேட்டரி பின் சீட்டுக்கு அடியில், மறக்க வேண்டாம். ஒரு வண்டியைப் பற்றி இப்படி எழுதுகிறவள் புருஷனை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றும். அந்தப் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டாராம், அதனால்தான் விற்றாளாம், இவர்தான் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு இறக்கம். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தபோது வராத இறக்கம். முதலில் வாரம் ஒரு தரம் போன். எந்த இஞ்சின் ஆயில், எந்தக் கடையில் அசல் ஸ்பேர் கிடைக்கும், மணி அடிக்கிற மாதிரி சத்தம் வந்தால் என்ன. அப்புறம் வாரம் இரண்டு. அப்புறம் தினமும். "ஆமா மேடம், பெருந்துறைதான் வந்தேன், சேந்துட்டேன்" என்பார். "இப்பத்தான் மேடம் கரூர்லிருந்து கெளம்பறேன்" என்பார். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்பேன். அப்போதுதான் எனக்குத் தெரியும் அவர் கரூர் போயிருந்தார் என்று. என் புருஷன் கரூர் போனதை ஒரு சென்னைக்காரியிடம் சொல்கிற பேச்சிலிருந்து நான் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்குள் மூன்றாவதாக ஒரு போன் சத்தம்.

சீட்டிலும் அவள்தான் இருக்கிறாள். முன்பக்கம் இரண்டு கதவிலும் ஒன்று, இரண்டு என்று பட்டன். ஒன்றை அமுக்கினால் சீட் அவளுடைய புருஷன் அளவுக்கு நகரும், இரண்டை அமுக்கினால் அவள் அளவுக்கு. இப்போதும் அமுக்கினேன், இரண்டை. சீட் முனகிக்கொண்டே பின்னால் போய் உயர்ந்தது, என் கால் தரையிலிருந்து அரை ஜாண் மேலே தொங்கியது. அவள் கால் நீளம். என் அளவை இதில் பதிய முடியாதா என்று ஒரு நாள் கேட்டேன். பாத்துக்கலாம் மணி என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்தக் கார் என் பேரில் வந்ததுகூட என் மேல் உள்ள பிரியத்தால் இல்லை. அவர் ஜாதகத்தில் வாகன யோகம் கிடையாது, சம்சாரம் பேருக்கு எழுதுங்கள் என்று அவிநாசி ஜோசியர் சொன்னார். ஆனால் எனக்கு அஷ்டமச் சனி நடக்கிறது, அது விலகுகிற வரைக்கும் இரும்பை என் பேரில் எழுதக் கூடாது என்றும் சொன்னார். யாராவது காசைக் கொடுத்து வண்டியை வாங்கிவிட்டு ஏழு மாதம் பேர் மாற்றாமல் சனிக்காகக் காத்திருப்பார்களா? நாங்கள் காத்திருந்தோம். அந்த ஏழு மாதமும் வண்டி அவள் பேரில், டேக் அவள் நம்பரில். சனி எட்டாம் இடத்தில் உட்கார்ந்து என்னை என்ன செய்தார் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. சனியும் விலகிவிட்டார், பேரும் மாறிவிட்டது, டேக்கை மாற்றுங்கள் என்றால் "அதுல காசு கெடக்குது, தீரட்டும்" என்கிறார். தீராது. ஏன் தீராது என்று போன வாரம் கண்டுபிடித்தேன். அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது போன் பையில் இருந்தது, எடுத்து வைக்கும்போது மெசேஜ் கண்ணில் பட்டது. இவரே அந்த டேக்குக்குக் காசு ஏற்றியிருக்கிறார். தீரத் தீர ஏற்றுகிறார். ஒரு மனுஷன் எதற்காக இப்படிச் செய்வான்? நான் யோசித்து யோசித்து ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன், அந்த இடத்துக்குப் பேர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

என் கைப்பைக்குள் புது டேக் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. பேங்கில் வேலை செய்கிற பையனிடம் ஆர்.சி. கார்டைக் காட்டி என் பேரில், என் நம்பரில் வாங்கிவிட்டேன். "பழசக் கிழிச்சுப் போட்டுட்டு இத ஒட்டி ஒரு போட்டோ அனுப்புங்க அக்கா, நான் ஆன் பண்ணிவிட்டர்றேன். பழசு தானா செத்துரும்" என்றான். தானாகச் செத்துவிடும். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு இனித்தது. மூன்று நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். இப்போது ஆளில்லை. கையை நீட்டினால் கண்ணாடி. நீட்டினேன். ஓரத்தில் நகத்தைக் கொடுத்தேன். வெயில் பட்டுப் பட்டு இறுகிப்போய் ஒட்டியிருந்தது, நகத்துக்குள் கொஞ்சம் வெள்ளைத் தூள் வந்தது, அவ்வளவுதான். திரும்பி அவரைப் பார்த்தேன். பிலவேந்திரன் ஏதோ சொல்ல அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். இந்தச் சிரிப்பு வீட்டில் எங்கே போகிறது? கிழித்துவிட்டு என்ன சொல்வேன்? நானே மாத்திட்டனுங்க என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். அவர் முகம் சுருங்குமா? சுருங்கினால் நான் நினைத்தது நிஜம். சுருங்காவிட்டால்? அப்போதும் நான் நம்ப மாட்டேன், நடிக்கிறார் என்பேன். எப்படியும் எனக்கு நிம்மதி கிடையாது. அப்படியென்றால் எதற்குக் கிழிக்கிறேன்? அவளுக்குத் தெரியக் கூடாது, அதற்காக. நாளைக்குக் காலையில் இவர் பெருந்துறை போகும்போது அந்தச் சென்னை வீட்டில் போன் சத்தம் போடாமல் கிடக்க வேண்டும். அவள் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். நான் எத்தனை ராத்திரி அவர் போனையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன், அதில் ஒரு பங்காவது. இரண்டாவது நகத்தைக் கொடுத்தேன்.

அப்போது கார் முழுக்க மணி அடித்தது. போன் அடித்தால் இந்த வண்டியில் அப்படித்தான், எல்லாக் கதவும் சேர்ந்து அடிக்கும். திரையில் ‘கார் மேடம்’ என்று வந்தது. பக்கத்தில் ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். அவரைப் பார்த்தேன். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை. பச்சையைத் தொட்டேன்.

"ஈஸ்வர் சார், கணியூர் தாண்டி ரொம்ப நேரம் ஆச்சே. ஒர்க்‌ஷாப் போய்ச் சேந்துட்டீங்களா?"

நான் நினைத்துவைத்திருந்த குரல் இல்லை அது. தேன் ஒழுகும், சிரிப்பு கலந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். இது தூங்காதவர்களின் குரல், கரகரவென்று. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

"லைன் சரியில்லையா? நான் பேசறது உங்களுக்குக் கேக்கும்னு நெனைக்கறேன். சார், இன்னிக்கு நேரடியாவே சொல்லிடறேன். அந்த டேகை எடுத்துடுங்க. நாலு மாசமா சொல்லிட்டிருக்கேன். ஆர்சி வந்தாச்சுன்னு நீங்களே சொன்னீங்க. நேத்து என் பொண்ணு என் போனைப் பாத்துட்டு, வித்துட்ட வண்டிக்கு இன்னும் எதுக்கும்மா டோல் மெசேஜ் வருதுன்னு கேக்கறா. நான் என்ன சொல்றது? என் வீட்டுக்காரர் போன அன்னிக்கும் எனக்கு வந்தது இந்த மாதிரி ஒரு மெசேஜ்தான் சார். இன்னொரு வண்டியில போனார். பரனூர் டோல் தாண்டிட்டார்னு மெசேஜ் வந்துது, சரி இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவார்னு குக்கர் வெச்சேன். வரல. அதனால இப்போ உங்க மெசேஜ் வந்தாலும் நீங்க போய்ச் சேந்தீங்களான்னு கேக்காம எனக்குக் கை ஓட மாட்டேங்குது. தினம் தினம் முடியல சார்."

அங்கே ஏதோ பிரஷர் குக்கர் சத்தமோ மிக்ஸி சத்தமோ கேட்டது.

"நானே க்ளோஸ் பண்ணியிருக்கலாம். நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் மனசு வரல. நான் எங்க போறேன், திரும்பி வந்தேனான்னு கேக்க வீட்டுல ஆளில்ல மேடம், எங்கயாவது ஒரு போனாவது சத்தம் போடட்டும்னு சொன்னீங்களே. கஷ்டமா இருந்துது, விட்டுட்டேன். ஆனா அந்த ஆளா இருக்க என்னால முடியாது சார். உங்க வீட்டுல சொல்லுங்க."

ஆளில்லை. மறுபடி மறுபடி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன். வீட்டில் ஆளில்லையாம். மூன்று வேளையும் சூடாக ஆக்கிப் போடுகிறவள் யார்? சர்க்கரை மாத்திரையைத் தட்டில் எடுத்து வைக்கிறவள் யார்? சட்டைக் காலரை உள்ளே திருப்பிப் போட்டுத் தேய்க்கிறவள், அவர் வருகிற வரைக்கும் கேட் பூட்டாமல் டிவியைச் சத்தம் குறைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள்? அவள் ஆளில்லையா? என்னை இல்லாமல் ஆக்கிவிட்டார், முகம் தெரியாத ஒருத்தியிடம். எனக்கு வந்த கோபத்தில் சிவப்பு வட்டத்தைக் குத்தப் போனேன், கை அந்தரத்திலேயே நின்றது. ஏனென்றால் நான் கேட்பதில்லை. அது நிஜம். பதினோரு வருஷமாகக் கேட்பதில்லை. புது யூனிட் போட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்த வருஷம், ஒரு நாள் பகலில் எங்கிருக்கறீங்க, சாப்பிட்டீங்களா என்று போன் பண்ணினேன். எதிரில் யாரோ பார்ட்டி உட்கார்ந்திருந்திருக்கிறான். "எங்க எங்கன்னு சும்மா நொச்சு பண்ணாத. நானென்ன ஸ்கூல் பையனா?" என்று கத்திவிட்டு வைத்தார். யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனி செத்தாலும் கேட்பதில்லை என்று. ரோஷம். என் அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், அவரை நான் ஒரு வார்த்தை எங்கேன்னு கேக்கறதில்லம்மா என்று. அவர் வந்தால் வந்தார், போனால் போனார். சாப்பாடு மேஜை மேல் இருக்கும். ஒரு வாரம் கழித்து அவராகவே இன்னிக்கு ஈரோடு போனேன் என்று ஆரம்பித்தார், நான் ம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தேன். இன்னொரு நாள் ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்திவிட்டார். யார் ஜெயித்தது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், நான்தான் என்று.

"சார்? கேக்குதா சார்?"

"நான் மணி பேசறனுங்க. அவரு வீட்ல." என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது. "அவரு வெளிய நின்னு பேசீட்டு இருக்கறாருங்க."

அந்தப் பக்கம் மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. "ஐயோ. சாரிம்மா. நான் அவர்னு நெனைச்சு…"

"பரவால்லீங்க. டேக்கு இன்னைக்கே மாத்தீர்றமுங்க. இனி உங்களுக்கு வராது."

"சரிம்மா. ரொம்ப தேங்க்ஸ்." வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "போய்ச் சேந்துட்டார்தானே?" என்றாள்.

"சேந்துட்டாருங்க" என்றேன்.

அவள் வைத்துவிட்டாள். எனக்கு அவள் மேல் இருந்த பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான், சொன்னால் பொய். தீரவில்லை, கூடிவிட்டது. தனக்கு வலித்தாலும் கேட்காமல் இருக்கத் தெரியாதவள் அவள். கடைசியிலும் அதையேதான் கேட்டாள், நான் சொன்னதற்கும் சரி என்று சொல்லிவிட்டு அதையே கேட்டாள். எனக்கு அது வராது. எனக்கு ரோஷம்தான் வரும். ஊதா ஃபைலில் இருந்த ஒரு கிளிப்பை உருவி டேக்கின் ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். கோணல்மாணலாகக் கிழிந்து வந்தது, பாதி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. எச்சில் தொட்டுச் சுரண்டினேன். புதுசை எடுத்துப் பின்பக்கத் தாளை உரித்து அதே இடத்தில் வைத்து கட்டை விரலால் அழுத்தினேன். போட்டோ எடுத்து பேங்க் பையனுக்கு அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் ஆயிருச்சு அக்கா என்று பதில் வந்தது. இனி கணியூர், விஜயமங்கலம் எல்லாம் எனக்கு வரும். வந்து என்ன? டோலைத் தாண்டினார் என்று ஒரு பேங்க் சொல்லும். தாண்டின பிறகு மனுஷன் போய்ச் சேர்ந்தாரா என்று பேங்க் சொல்லாது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு நான் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்விக்கு இவ்வளவு பயமா என்று இருந்தது. பதினோரு வருஷம் பேசாத உறவுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றால் இப்படித்தான் இருக்கும்.

என் பக்கத்துக் கதவைத் தட்டினார். திறந்தேன். வெயில் உள்ளே அடித்தது. "இன்னுமா அமுத்தாம இருக்கற? செரி போச்சாது. லிஃப்டு காலியாவ ஒரு மணி நேரம் ஆகுமாமா. அதுக்குள்ள சத்தம் எங்கன்னு கேக்கோணும்ங்கறான் பிலவேந்திரன். நீலாம்பூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டீட்டு வந்தர்றோம். நீ எறங்கி நெழல்ல உக்காரு" என்றார். அப்போது அவர் கண் கண்ணாடிக்குப் போனது. புது டேக்கையும் சுற்றிலும் இருந்த சுரண்டலையும் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சுருங்கவில்லை. கோபமும் வரவில்லை. வழக்கமாகப் போகிற டீக்கடை மூடியிருந்தால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புவார்களே, அப்படி ஒரு பார்வை. "மாத்திட்டயாக்கும்" என்றார். "ம்" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் மேடம் பேசினார் என்று சொல்லவில்லை. இறங்கி நின்றேன். பிலவேந்திரன் பின் சீட்டில், இடதுபக்கச் சக்கரத்துக்கு மேலே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இவர் சுற்றிக்கொண்டு போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, ஒன்றாம் நம்பர் பட்டனை அமுக்கி, சீட் நகர்கிற வரைக்கும் காத்திருந்தார். கார் புஸ் என்று மூச்சு வாங்கியது. போகப் போகிறார். இப்போது இல்லாவிட்டால் நான் எப்போதும் கேட்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அவர் பக்கத்துக் கண்ணாடிக்குப் போய்த் தட்டினேன். பாதி இறக்கினார்.

"ஏனுங்க," என்றேன். "போயிச் சேந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. அப்புறம் அவருக்கு ஏதோ விளங்கின மாதிரி முகம் இளகியது, கையை வெளியே நீட்டிக் கதவின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அதெல்லாம் வழில நிக்காது மணி. நல்ல வண்டி. பயப்படாத" என்றார்.

வண்டியக் கேக்கலீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணாடி மேலே ஏறிக்கொண்டிருந்தது.